நாலாவது சி.டி.யோடு மாப்பிள்ளைக்கு எழுதுவது

ஆம்பூர்,
16.8.2005

ஆண்டவருக்குள் மிகவும் பிரியமான மாப்பிள்ளை ஜோவின் அவர்களுக்கு, மாமனார் தேவானந்தம் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் நானும், உங்கள் அத்தை ஜெபகனியும், என் மகள் ஹெப்சியும், நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்காத உங்கள் மகள் ஜெனிஃபாவும் இங்கே சுகம். எத்தியோப்பியாவில் உங்கள் சுகத்துக்காகவும் உங்கள் தோல் கம்பெனியின் சுகத்துக்காகவும் தினமும் குடும்ப ஜெபத்தில் வேண்டிக்கொள்கிறோம். நீங்களும் என் ரத்தக் கொதிப்புக்காக ஒரு வார்த்தை ஜெபித்தால் நல்லது. அது ஏறியதற்குக் காரணம் கீழே விவரமாக வருகிறது.

போன ஞாயிறு சபையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, உங்கள் போன் வந்தது. "இன்னா மாமா, ஒரு சி.டி.ய ஒழுங்கா அனுப்ப முடியலையா?" என்றீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், லைன் கட்டாகிவிட்டது. திறந்த வாய் இன்னும் மூடவில்லை மாப்பிள்ளை. நான் ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். என் கையால் கட்டிய பெட்டி ஜெர்மனி போயிருக்கிறது, இத்தாலி போயிருக்கிறது. ஒரு லேஸ் கம்மி என்றுகூட எவனும் கம்ப்ளெயின்ட் எழுதினதில்லை. அப்படிப்பட்டவனை, தட்டை மாதிரி ஒரு வஸ்துவை, தபாலில் அனுப்பத் தெரியாதவன் என்று சொந்த மாப்பிள்ளையே கேட்டால் மனசு தாங்குமா? ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நின்று நிதானமாகப் படியுங்கள்.

ஜனவரியில் உங்கள் சிநேகிதரிடம் டிஜிட்டல் கேமரா கொடுத்தனுப்பினீர்கள். சந்தோஷம். பிரிண்ட் போட வேண்டாம், கலர் கெட்டுப்போகும் என்றீர்கள். ஈமெயில் வேண்டாம், உங்கள் ஊரில் ஒரு படம் திறக்க அரைமணி நேரம் ஆகிறது, அதுவும் நெற்றியோடு நின்றுவிடுகிறது என்றீர்கள். "சி.டி. போட்டு தபால்ல அனுப்புங்க மாமா, அதான் சேஃப்" என்றீர்கள். தபால் சேஃப் என்று உங்களுக்குச் சொன்ன அந்தப் புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் சி.டி. பிப்ரவரியில். பிரவுசிங் சென்டர் நெல்வினிடம் நாற்பத்து மூன்று படங்களை ஏற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கவர் மேலே சிவப்பு மையில் 'உடையும் பொருள், முத்திரையை மெதுவாகக் குத்தவும்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி தபாலாபீசுக்கு எடுத்துப் போனேன். கவுன்டரில் சூரியபிரகாஷ் என்று ஒரு பிள்ளை. மரியாதையான பிள்ளைதான். நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தான், "சரிங்க சார்" என்றான், அந்த 'மெதுவாக' என்ற எழுத்துமேலேயே முத்திரையை ஓங்கிக் குத்தினான். உள்ளே படக் என்று சத்தம். எனக்கு நெஞ்சில் கேட்டது. "இன்னா தம்பி, படிச்சுட்டுத்தானே குத்தின?" என்றேன். "படிச்சேன் சார். மெதுவா குத்துனா தேதி தெரியாது, மேல திருப்பி அனுப்பிடுவாங்க" என்றான். "ஓரமா குத்தக் கூடாதா?" என்றால், "ஓரத்துலதான் நீங்க அட்ரஸ் எழுதியிருக்கீங்களே சார்" என்கிறான். கவரைப் பிரித்துக் காட்டினேன். சி.டி. மூன்று துண்டு. அதை அவன் பொறுமையாகச் சேர்த்துவைத்து, "ஒட்டிப் பாருங்க சார்" என்று என் கையிலேயே கொடுத்தான். என்ன செய்ய, வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது சி.டி.யைப் பற்றி நாம் இருவரும் மனம்விட்டுப் பேச வேண்டும் மாப்பிள்ளை. முத்திரை குத்தினாலும் தாங்க வேண்டும், ஈரமும் படக்கூடாது என்று யோசித்து, நம் ஊரில் இல்லாத தோலா என்று பழைய ஃபேக்டரிக்கே போனேன். என்னோடு வேலை செய்த அஹமது பாஷா நல்ல மாட்டுத்தோலில் இரண்டு வட்டம் வெட்டிக் கொடுத்தார். நடுவே சி.டி.யை வைத்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு, பார்க்கவே கண்கொள்ளாத வேலை. சூரியபிரகாஷ் ஆசை தீர நாலு குத்து குத்தினான், தொப் தொப் என்று தலையணையில் அடித்த மாதிரிதான் சத்தம். "இன்னா சார் இது, செருப்பா?" என்று கேட்டான். உங்கள் கம்பெனி முகவரியைப் போட்டு, உள்ளே இருப்பது என்ன என்ற விளக்கத்தைத் தனிக் கடிதமாக அனுப்பினேன். தனியாக அனுப்பியது என் தப்பு. அந்த ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

ஏழு வாரம் கழித்து உங்கள் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது. எடுத்து வைத்திருக்கிறேன், அப்படியே எழுதுகிறேன். 'அனுப்பியவர்: தேவானந்தம், ஆம்பூர். பொருள்: வட்டத் தோல் சாம்பிள், ஒன்று. இழுத்துப் பார்த்ததில் தையல் நன்று. மடித்துப் பார்த்ததில் முதல் மடிப்பிலேயே உடைந்தது. இரண்டு தோலுக்கும் நடுவே பளபளப்பான, வளையாத லைனிங் இருக்கிறது, ஷூவுக்கு உதவாது. முடிவு: ரிஜெக்ட்.' கூடவே சோதனைக்கு வெட்டியது போக மிச்சம் மூன்று துண்டு, குண்டூசி குத்தி. கீழே கையெழுத்து உங்களுடையது மாப்பிள்ளை. கல்யாண ரிஜிஸ்தரில் போட்ட அதே கையெழுத்து, அதே சுழி. போனில் கேட்டதற்கு, "அன்னிக்கு மட்டும் அறுபது சாம்பிள் மாமா, லேப்ல வெட்டி எடுத்துனு வந்தாங்க, பாக்காம போட்டுட்டேன்" என்றீர்கள். உங்கள் வேலைப்பளு எனக்குப் புரிகிறது. பெற்ற மகளையே ரிஜெக்ட் செய்கிற அளவுக்கு வேலைப்பளு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஹெப்சி அந்தத் துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எந்தப் படம் எதில் இருந்திருக்கும் என்று. அப்புறம் சமையலுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது சி.டி. ஜூலையில். தோல் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று, வட்டமான பிஸ்கட் டின்னில் வைத்தேன். கவுன்டரில் வெளிநாட்டுத் தபால் ஃபாரம் நிரப்பச் சொன்னார்கள். "உள்ள இன்னா சார்?" என்றான் சூரியபிரகாஷ். "பேத்தி" என்றேன். எழுத ஆரம்பித்தவன் நிமிர்ந்து பார்த்தான். "பேத்தி போட்டோப்பா." "மதிப்பு எவ்ளோ சார்?" "அதுக்கு இன்னாப்பா மதிப்பு சொல்றது?" "சி.டி. இருபது ரூபா சார், இருபதுன்னு போடுங்க." "என் பேத்தி இருபது ரூபாயா?" என்று நான் கேட்டது கொஞ்சம் ஜாஸ்தி சத்தம்தான். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "பெருசு, ஒரு நூறாவது போடு, பொண் கொழந்த" என்றார். கடைசியில் டின்னுக்குத் துணி தைத்து அரக்கு வைத்து வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை, "நவுருங்க, இருபத்தெட்டு வருஷம் பரீட்ச பேப்பர் கட்டுக்கு அரக்கு வெச்ச கை இது" என்று டின்னைப் பிடுங்கிக்கொண்டாள். பேப்பர் கட்டு வேறு, தகரம் வேறு என்று சொன்னேன். ரிட்டையர் ஆனாலும் டீச்சரிடம் யார் பேசுவது? துணிக்கு முந்தி மூடிக்கும் ஒரு சீல் இருக்கட்டும் என்றாள். அரக்கு தகரத்தில் ஒட்டவில்லை. சூடாக இருந்தால் பிடிக்கும் என்று டின்னைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டாள். அரக்கு பிடித்தது, அமோகமாகப் பிடித்தது. உள்ளே ஏதோ நாற்றம் வருகிறதே என்று உளி வைத்துத் திறந்து பார்த்தால் சி.டி. அப்பளமாகப் பொரிந்திருக்கிறது. "நீங்க டின்னு எடுத்தது தப்பு" என்கிறாள். இந்த வீட்டில் எல்லாத் தப்புக்கும் கடைசியில் வாரிசு நான்தான். பேஜார் பிடித்துவிட்டது மாப்பிள்ளை.

இதற்கு நடுவில் குழந்தை காத்திருக்குமா? முதல் சி.டி.யில் அவளுக்குப் பல் இல்லை. இரண்டாவதில் குப்புற விழுந்து தலையைத் தூக்கினாள். மூன்றாவதில் நாலு பல், என் கண்ணாடியைக் கடித்து உடைத்த படமும் உண்டு. இப்போது கட்டிலைப் பிடித்து நிற்கிறாள். நான் ஒன்றைப் பேக் பண்ணி முடிப்பதற்குள் அவள் அடுத்ததுக்குப் போய்விடுகிறாள். நீங்கள் கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்றீர்கள், ஷிப்மெண்ட் வந்தது. ஈஸ்டருக்கு என்றீர்கள், ஏதோ புது மெஷின் வந்தது. வரும் செப்டம்பர் பதினெட்டு முதல் பிறந்தநாள், அதற்காவது நீங்கள் வருவீர்கள் என்று ஹெப்சி சபையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆகவே இந்தக் கடிதத்தோடு நாலாவது சி.டி.யை அனுப்புகிறேன். நெல்வின் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படம் ஏற்றிக் கொடுத்தான். மேலும் கீழும் கெட்டி அட்டை, சுற்றிலும் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக், அதன்மேல் துணி. தோல் இல்லை, தகரம் இல்லை, உங்கள் அத்தை இல்லை. முத்திரை குத்துவதற்கென்று ஒரு ஓரத்தில் காலி அட்டை நீட்டி விட்டிருக்கிறேன், 'இங்கே குத்தவும்' என்று அம்புக்குறியோடு. கிடைத்ததும் லேபுக்கு அனுப்பாதீர்கள். கத்தரியை எடுக்காதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தயவுசெய்து உள்ளே பாருங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குறிப்பாக வரத்தை. அத்தையும் ஹெப்சியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். ஜெனிஃபா இந்தக் காகிதத்தின் மூலையைத் தின்றிருக்கிறாள், அதை அவள் முத்தமாக எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா,
தே. தேவானந்தம்

பின்குறிப்பு: மேலே உள்ளது காலையில் எழுதியது. கவரைத் தைத்து முடித்து, தபாலாபீசுக்குச் செருப்பு மாட்டும்போது நம் தெரு தபால்காரர் ஆபித் பாஷா உங்கள் கடிதத்தோடு வந்தார். பிறந்தநாளுக்கும் வர முடியாது, ஆர்டர் முடியவில்லை, 'போட்டோ வந்தால் போதும், பார்த்து மனசை ஆற்றிக்கொள்வேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக்கூட அப்புறம்தான் படித்தோம். முதலில் நடந்தது வேறு. உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் ஹெப்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, "அப்பா வந்துட்டாரு பாரு, அப்பா வந்துட்டாரு பாரு" என்று கவரைக் காட்டுவாள். இன்றைக்கும் காட்டினாள். ஜெனிஃபா கவரைப் பார்க்கவில்லை. ஆபித் பாஷாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "அப்பா" என்றாள். தெளிவாக, இரண்டு தரம். அவள் பேசிய முதல் வார்த்தை மாப்பிள்ளை. அந்த மனுஷன் பதறிப்போய், "நான் இல்ல கண்ணு, நான் இல்ல" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஹெப்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கவரைப் பிரித்து சி.டி.யை வெளியே எடுத்துவிட்டேன். இதில் கடிதம் மட்டும்தான் இருக்கிறது, பஞ்சைக் கிளறித் தேட வேண்டாம். படம் கிடைத்தால் நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் அங்கேயே ஓட்டிவிடுவீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சி.டி. பீரோவில் பத்திரமாக இருக்கிறது, பிள்ளை கட்டிலைப் பிடித்து நிற்கிறது, வந்து பாருங்கள். சீக்கிரம் வாருங்கள். ஆபித் பாஷா தினமும் வருகிறார்.