கடாசு டிரைவரும் முப்பது பெட்டிகளும்

பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகள் ரோசியின் மூச்சில் விசில் போல ஒரு சத்தம் கிளம்பியது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மணியடிக்க எழுந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் நேரம் மனதில் ஆணியடித்தது போல இருக்கிறது. பிடுங்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஆனால் நான் எழுத வந்தது கடாசு டிரைவரைப் பற்றி. அக்கரப்பத்தனையிலிருந்து மஸ்கெலியா வரை எத்தனை தோட்டம் உண்டோ அத்தனையிலும் தேடினாலும், எதையும் தூக்கி எறியச் சொல்வதில் அவருக்கு நிகரான மனிதர் கிடைக்க மாட்டார்.

எங்கள் தோட்டத்து லொறியை ஓட்டியவர் அவர். சொந்தப் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மட்டும் இருந்தது. அவரையே கூப்பிட்டுக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

கூரைத் தகரம் ஒழுகுகிறதா? "கடாசு!" பல் வலிக்கிறதா? "கடாசு!" மாமியார் பேசமாட்டேன் என்கிறாளா? "மாமியார கடாசு!" மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டாரா? "திட்டுனத கடாசுங்க, தேத்தண்ணி குடிங்க." லொறிக்கு இரண்டு கிளீனர்கள் வந்தார்கள். இருவரையும் ஒரே மாதத்தில் கடாசிவிட்டு, தானே கண்ணாடி துடைத்துக்கொண்டார்.

எறிவதற்கும் கடாசுவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் வாத்தியார் புத்தியில் கேட்டுத் தொலைத்தேன். லொறியை நடுரோட்டில் நிறுத்தி இறங்கிவிட்டார்.

"மாஸ்டர், எறிஞ்சா எங்க விழுந்துச்சுன்னு பாப்பீங்க. போட்டா நாளைக்கு எடுத்துக்கலாம்னு நெனப்பீங்க. கடாசுனா திரும்பிப் பாக்கப்படாது. கையும் மனசும் ஒண்ணா வீசணும். இப்பிடி!"

அவர் வீசிய வேகத்தில் வாயிலிருந்த வெற்றிலையும் போய்விட்டது. சொன்னபடியே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட மனுக்கள் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்த வாரம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எழவு விழுந்தது போல இருந்தது. அங்கேயும் வந்து நின்றார். "நம்மளையே கடாசிட்டானுங்க. இனி இந்தப் பேப்பர வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

இத்தனை சொல்பவரின் வண்டியிலிருந்து பதினாறு வருடத்தில் ஒரு தேயிலைப் பெட்டிகூடத் தவறி விழுந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. என் மனைவியின் கம்பி வளைந்த குடையைக் கடாசச் சொன்னார். அடுத்த வாரம் அதே குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் போனார்.

"கடாசச் சொன்னீங்களே?" என்றாள் இவள்.

"நீங்க கடாசிட்டீங்கல்லம்மா? இப்ப இது என் கொடை."

இனி இரண்டு நாற்பதுக்கு வருகிறேன்.

தோட்டத்து மருந்துக்காரர் ரோசியின் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையில் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. "இதுக்கு இங்க மருந்து இல்லீங்க மாஸ்டர். ஒடனே ஹட்டன் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நிக்காதீங்க." இரண்டு நாள் இருமலை வெறும் சளித் தடிமன் என்று நினைத்து, அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான்.

ரயிலுக்குப் போக முப்பது பெட்டித் தேயிலை ஏற்றி, லொறி தயாராக நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார். என் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை தன் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் மழை. ஏற்றமான ஒரு வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. மீதியில் சேறு. பாரத்தோடு ஏறிய லொறியின் பின்சக்கரம் அந்த இடத்திலேயே சுழன்று அச்சு வரை புதைந்தது. பெட்டிகளை இறக்கி வைக்கவும் இடமில்லை. ஒரு பக்கம் சரிந்த மண், மறுபக்கம் பள்ளம். உள்ளே ரோசியின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் பின்னால் ஏறினார். முதல் பெட்டியில் கை வைத்துவிட்டு ஒரு கணம் நின்றார். தோட்டத்து முதலாளியான துரையின் பங்களா இருக்கும் திசையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மாஸ்டர், ஏறி வாங்க. கடாசணும்."

முதல் பெட்டி பள்ளத்தில் மோதி உடைந்த சத்தம் இன்னும் கேட்கிறது. ஆளுக்கொரு மூலை பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளினோம். முப்பதும் தீர்ந்த பிறகு என் கை நிற்கவில்லை. உதிரிச் சக்கரத்தைத் தள்ளினேன். கயிற்றையும் தார்ப்பாயையும் வீசினேன். முன்னால் ஓடி, ரோசியின் மடியிலிருந்த பையைப் பிடுங்கினேன்.

"என்னங்க, அது புள்ள பைங்க!" என்று கத்தினாள் இவள்.

"கடாசு!" என்று கத்திக்கொண்டே வீசினேன். ஒரு சிலேட்டும் ஒரு வாசிப்புப் புத்தகமும் கொஞ்சம் வளையல் துண்டும். அதன் பாரமா லொறியை இழுத்துப் பிடித்திருந்தது?

லொறி உறுமிக்கொண்டு மேலே ஏறியது.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளையிட்டு மூச்சைக் கொண்டுவந்தார்கள். "அரை மணி பிந்தியிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டிரைவர் வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினார். மறுநாள் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வந்து சேதி சொன்னார்: டிரைவரின் வேலை போய்விட்டது, வாரக் கடைசிக்குள் லயத்துக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும், தங்கை வீட்டுக்குப் போகிறாராம். துரைக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

ரோசிக்குப் பேச முடியவில்லை. கண் விழித்த நேரமெல்லாம் தோளைத் தொட்டுக் காட்டினாள். பை எங்கே என்று கேட்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலாம் நாள் பகல் பார்வையாளர் நேரத்தில் ஒருவர் வந்தார். முழங்கால் வரை சேறு, கையெல்லாம் முள் கிழித்த கோடு, கக்கத்தில் கம்பி வளைந்த குடை. கடாசு டிரைவர். எழுந்து அவர் கையைப் பிடித்தேன்.

"என்னாலதாங்க ஒங்க வேல..."

"அத கடாசுங்க மாஸ்டர்" என்று கையை விடுவித்துக்கொண்டு கட்டிலருகே போனார். சட்டைக்குள்ளிருந்து ரோசியின் பையை எடுத்து, கட்டில் கம்பியில் மாட்டினார். துவைத்துக் காயவைத்திருந்தார். சிலேட்டில் ஒரு மூலை மட்டும் இல்லை. பிறகு குனிந்து, என் காதிலும் விழும்படி அவளிடம் சொன்னார்:

"பாப்பா, ஒங்கப்பாவுக்கு எதக் கடாசணும்னே தெரியல. பேச்சு வந்ததும் நீயே சொல்லிக் குடு."