கிராபிக்ஸ் கார்டுக்கு ஏழு பொட்டு

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன். யாரோ எழுதிய சம்பளப் பட்டியல் மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இருந்தால் எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். சரி செய்வது அவர் பாடு. ஆனால் கோவில்பதாகையில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். யார் வீட்டு பிரிண்டர் காகிதத்தை மென்றாலும், "கம்ப்யூட்டர்காரரு கீறாரு, இட்டா" என்று ஆள் வரும். நானும் போவேன். அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். (மீதி நேரம் "இது கம்பெனிக்குத்தான் போகணும்" என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.)

எங்கள் வீட்டில் உண்மையாகவே கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என் மனைவி சுதா. அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் துப்பாக்கியோடு ஓடுவாள். பொழுதுபோக்கு என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. ஐந்து பெண்கள் சேர்ந்த அணி. திருச்சியில் ஒருத்தி, ஓசூரில் இரண்டு பேர், ஆவடிப் பக்கம் இவள், தூத்துக்குடியில் கேப்டன். கேப்டன் ஒரு பள்ளிக்கூட டீச்சர். எட்டு மாதம் விடாமல் பயிற்சி செய்து, முதல்முறையாக ஒரு போட்டியின் தகுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். விஜயதசமி அன்று மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். ஐந்து பேரில் ஒருத்தி வராவிட்டாலும் கால் மணி நேரம் பார்ப்பார்கள். அப்புறம் எதிரணி ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள்.

"என் கார்டு பழசாயிடுச்சுங்க. புகைகுண்டு வெடிச்சா படம் திக்குது" என்று அவள் ஒருநாள் சொன்னது என் காதில் விழுந்தது. கார்டு என்றால் கிராபிக்ஸ் கார்டு. திரையில் ஓடும் படத்தை நொடிக்கு நொடி வரைந்து தள்ளுகிற சாமான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தாலே போதும் என்று நினைத்ததில்தான் சனி பிடித்தது.

அலுவலக நண்பன் ஜெகனிடம் கேட்டேன். அவன் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாதவன்.

"மாமே, இதான் இப்ப டாப்பு. கண்ண மூடிகினு வாங்கு" என்று ஒரு கார்டின் படத்தை அனுப்பினான்.

"நம்ம வீட்டு மெஷினுக்குப் பொருந்துமா?"

"அல்லாம் பொருந்தும் மாமே. சொருவுற எடம் ஒண்ணுதான?"

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சுதா வேலைக்குப் போனதும், மெஷினைத் திறந்து பழைய கார்டைக் கழற்றிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். மாலையில் பெட்டியை அவள் கையில் வைத்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. உடனே, "பழசு எங்க?" என்று கேட்டாள். "பத்திரமா இருக்கு" என்றேன். (பொய்யில்லை. கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தது.)

மறுநாள் ஆயுத பூஜை. என் அப்பா ஆவடியில் ராணுவ டாங்க் செய்கிற ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் பொங்கலை விட ஆயுத பூஜைதான் பெரிது. ஸ்கூட்டர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, அப்பாவின் ஹேக்சா ரம்பம், வெர்னியர், அவர் அளவு குறிக்கும் பென்சில், ரப்பர், எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைப்பார். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஒண்ண உடாத வெச்சுகினே வா" என்றார். நானும் வைத்துக்கொண்டே வந்தேன். புதுக் கார்டின் முறை வந்தது. மேலே பார்த்தால் மூன்று விசிறி, அதற்குப் பொட்டு எங்கே வைப்பது? திருப்பினேன். கீழ் ஓரத்தில் ஒரு பட்டை, தங்க நிறத்தில், பட்டுப்புடவை ஜரிகை மாதிரி மினுமினுத்தது. பொட்டு வைக்கவென்றே செய்துவிட்ட இடம் என்று தோன்றியது. சம இடைவெளியில் ஏழு பொட்டு, சந்தனத்தின் மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. மேலே ஒரு முழம் சாமந்தியையும் போட்டு மூடினேன். குளித்துவிட்டு வந்த சுதா கண்ணில் பூ மட்டும்தான் பட்டது.

"இப்பவே மாட்டிப் பாத்துடட்டுமா மாமா?" என்றாள் அப்பாவிடம்.

"பூசையில வெச்சத நாளைக்குக் காலீல வரிக்கும் தொடக் கூடாதும்மா."

அவள் சரியென்றாள். மறுநாள் விஜயதசமி, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் தெளிவாகச் சொன்னாள். "மூணு மணிக்கு வந்துடுவேன். வந்து நானே மாட்டிக்கிறேன். நீங்க தொடாதீங்க."

மூன்று மணிக்கு வருகிறவள் ஓடுகிற மெஷினைப் பார்த்து அசந்துபோக வேண்டாமா? அப்பா கற்பூரம் காட்டிப் பூஜையை முடித்த அடுத்த நிமிடம் நான் தொட்டேன்.

முதல் சோதனை, கார்டு பெட்டிக்குள் போகவில்லை. நீளம் இரண்டு விரல் அதிகம். உள்ளே ஒரு தகரக் கூண்டு குறுக்கே நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இத்த அறுத்துடலாமா?"

"அறுக்கலாமாப்பா?"

"இன்னா நைனா, டாங்கையே அறுத்துகினு இருந்தவங்கிட்ட டப்பாவ அறுக்கலாமான்ற."

அரை மணி நேரம் ரம்பம் பாடியது. அறுத்த விளிம்பை அரம் போட்டு ராவி, தூளை ஊதித் துடைத்து, "வெரல வெச்சுப் பாரு, கீறாது. ஃபேக்டரி ஃபினிஷிங்" என்றார். உண்மையிலேயே கீறவில்லை. அன்றைக்கு நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் வேலையும் கடைசி வேலையும் அதுதான்.

கார்டைச் சொருகினேன். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தேன். என் பொட்டுகள் கொஞ்சம் கலைந்திருந்தன. துடைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. விஜயதசமியும் அதுவுமாகப் பொட்டை அழிப்பதா? கன்னத்தில் போட்டுக்கொண்டேன், இரண்டு தட்டு. மறுபடி சொருகினேன். மூன்றாவது முறை திரையில் வெளிச்சம் வந்தது. அப்பாவும் நானும் கை குலுக்கிக்கொண்டோம்.

விளையாட்டைத் திறந்தேன். திரையின் மூலையில் ஒரு எண் தெரியும். நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கு. பழைய கார்டிலேயே, புகைகுண்டு வெடிக்காதவரை, அது அறுபதுக்குக் கீழே போனதில்லை. இப்போது ஒன்பது என்று காட்டியது. வீரன் ஒரு காலைத் தூக்கினால் அடுத்த காலை வைப்பதற்குள் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம்.

"புத்சு, வேகமா ஓடும்ன்ன?" என்றார் அப்பா.

எனக்குப் புரியவில்லை. விலை உயர்ந்த சாமான், மெதுவாக ஓடுகிறது. சொருகியிருக்கிறது, திரை வருகிறது, ஆனால் ஓடவில்லை. அணைத்துவிட்டுப் போட்டேன். ஒன்பது. என் மருத்துவம் அத்தோடு தீர்ந்துபோனது. ஜெகனைக் கூப்பிட்டேன்.

"பவர் பத்தல மாமே" என்று தன் வீட்டு மெஷினிலிருந்து மின்சாரப் பெட்டியைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கினான். மாற்றினோம். ஒன்பது. சாஃப்ட்வேர் பழசு என்றான். அதை அழித்துப் புதியதைப் போட்டோம். எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகை சைஸில் வந்தன. எண் மட்டும் ஒன்பது. சூடு என்றான். பெட்டியைத் திறந்துவைத்து டேபிள் ஃபேனைத் திருப்பினோம். பக்கத்தில் இருந்த பொரி பறந்தது. ஒன்பது. அப்பா எழுந்துபோய் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"பத்து! பத்து ஆயிடுச்சு!" என்று கத்தினான் ஜெகன். நானும் பார்த்தேன். பத்துதான். மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம். மறுபடி ஒன்பது ஆனது.

கடைசியாக அவன் மோவாயைத் தடவிக்கொண்டு, "ப்ராசஸர் கார்டுக்கு ஈடு குடுக்கல மாமே. அத்த மாத்தணும். அத்த மாத்துனா போர்டு மாத்தணும். போர்டு மாத்துனா மெமரியும் மாத்தணும்" என்றான். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். கூட்டிப் பார்த்ததில் பழைய சாமான் என்று மவுஸ் மட்டும்தான் மிஞ்சியது. கடைக்குப் போன் போட்டேன். பழைய கார்டையாவது திரும்ப வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். விஜயதசமி விடுமுறை, போன் அணைந்திருந்தது.

ரயில் தாமதமாகி, சுதா வந்தபோது மணி நாலரை. தரையில் திருகாணிகள், இரும்பு வாசனை, பொரி, இரண்டு மின்சாரப் பெட்டிகள், அறுபட்ட தகரம், ஒரு எலுமிச்சம்பழம், மூன்று ஆண்கள். ஜெகன், "நான் கெளம்பறேன் மாமே" என்று முனகினானே ஒழியக் கால் நகரவில்லை.

என் மனைவிக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"பழைய கார்டை எடுத்துக் கொடுங்க சார்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தோள்பையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, "எட்டு மாசம்" என்றாள். அவ்வளவுதான். அவளை அசத்த வேண்டும் என்று கிளம்பியவன், அவள் வாழ்க்கையில் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு விஷயத்தை ரம்பம் போட்டு அறுத்துவிட்டேன். போன் அடித்தது. கேப்டன். சுதா எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து மெஷினுக்கு முன் உட்கார்ந்தாள்.

நாங்கள் அரை நாளாகத் திறந்தே பார்க்காத ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள். "இங்க பாருங்க. கார்டுக்கும் போர்டுக்கும் நடுவுல பதினாறு வழி இருக்கணும். ஒண்ணுதான் வேலை செய்யுது."

டோல்கேட்டில் பதினைந்து கவுன்டரை மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்துவைத்த கதை. அது எனக்குக் கூடப் புரிந்தது.

"எங்கயோ அடைச்சிருக்கு" என்று மெஷினை அணைத்து, கார்டை உருவித் திருப்பினாள்.

"இது என்ன?"

"பொட்டு."

"யார் வெச்சது?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். ஜெகன் அப்பாவைப் பார்த்தான்.

"நான்தான்" என்றேன்.

"கரன்ட் போற இடம் இது. சந்தனத்தை அப்பி வெச்சிருக்கீங்க. கழட்டி மாட்டுறப்ப கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. விஜயதசமி அன்னைக்குப் பொட்டை அழிக்கக் கூடாதேன்னு..."

அப்பாவுக்கு அப்போதுதான் வீரம் வந்தது. "டேய், டாங்குக்கே பொட்டு வெச்சவன்டா நானு. பாடில வெப்போம், மூஞ்சில வெப்போம். கியர் பல்லுல எவனாச்சும் வெப்பானா?"

"மாமா, ஒரு ரப்பர் வேணும்" என்றாள் சுதா.

அப்பா பூஜை அலமாரிக்கு ஓடிப்போய்த் தன் ரப்பரை எடுத்துவந்தார். அதன் நடுவிலும் நான் வைத்த பொட்டு இருந்தது. சுதா அதை என் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, தங்கப் பட்டையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேய்த்தாள். பட்டை பளிச்சென்று ஆனது. பல் தேய்க்கும் புது பிரஷ்ஷால் போர்டின் பள்ளத்தைச் சுரண்ட, உள்ளேயிருந்து குங்குமம் கொட்டியது. ஜெகன் கடைசிக் குங்குமத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பயத்தில் செய்தானா, பக்தியிலா என்று தெரியவில்லை.

ஐந்து மணி தாண்டிவிட்டது. அவள் சொருகினாள், போட்டாள், திறந்தாள். மூலையில் எண் நூற்று நாற்பது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது ஐந்து பதினொன்று. நான்கு நிமிடம் மீதி.

கேப்டன் போட்ட சத்தம் ஹெட்போனைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. "ஏ சுதா, எங்கட்டி போன இவ்வளவு நேரம்?"

சுதா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மானம் அந்த நொடியில் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

"வீட்டுல பூஜை கொஞ்சம் நீண்டு போச்சுக்கா" என்றாள்.

ஜெயித்தார்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்த சுற்றில் தோற்றார்கள். (அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே எழுத்துமூலம் பதிவு செய்துகொள்கிறேன்.)

அந்த மெஷின் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது, அப்பா அறுத்த விளிம்போடு. ஜெகன் இன்றும், எலுமிச்சம்பழத்தால்தான் பத்து வந்தது என்று சத்தியம் செய்கிறான்.

ஆயுத பூஜை மட்டும் மாறிவிட்டது. சந்தனக் கிண்ணம் இப்போது சுதாவிடம். ரம்பம், மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாம் முடிந்ததும் கடைசியாக என்னைக் கூப்பிடுவாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். புறங்கையில் சம இடைவெளியில் ஏழு பொட்டு வைப்பாள், சந்தனத்தின் மேல் குங்குமம்.

"பூஜையில வெச்ச சாமான். நாளைக்குக் காலைல வரைக்கும் இதால எதையும் தொடக் கூடாது" என்பாள். "அதானே" என்பார் அப்பா.

தொட முடியாது என்றால் பொரியை எப்படித் தின்பது? அவளே ஒரு கைப்பிடி அள்ளி என் வாயில் போடுவாள், வீடே சிரிக்கும். இந்தத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நான் இதுவரை ஒருமுறை கூடக் கேட்டதில்லை.