ஐந்தாம் நம்பருக்குக் கேட்ட என் குரல்

காலை ஒன்பது மணி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு பல் கிளினிக்குக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வீங்கிய கன்னம். எனக்கு மாமியாராக வரக்கூடியவருடைய கன்னம். பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவர்கள் வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. அம்பிட்டியவிலிருந்து அவர் வந்தது பல்லுக்கா, மாப்பிள்ளையின் வேலையைப் பார்க்கவா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கையில் ஐந்தாம் நம்பர்ச் சீட்டு வைத்திருந்தார்.

அங்கே நோயாளிகளை வரிசையாகக் கூப்பிட நான் எழுதிய மென்பொருளுக்கு அன்று முதல் நாள். திரையை ஒரு கணினி மொழியிலும், நம்பரைக் கூப்பிடும் பகுதியைப் பைத்தன் என்ற இன்னொரு மொழியிலும் எழுதியிருந்தேன். (ஒரே மொழியில் முடித்திருக்கலாம். இரண்டு தெரியும் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா?) 'அடுத்தவர்' பொத்தானை அழுத்தினால் திரை ஒரு சமிக்ஞை அனுப்பும், உடனே பைத்தன் அடுத்த நம்பரை ஒலிபெருக்கியில் கூப்பிடும். குரல் என்னுடையது. இரண்டையும் இணைக்கும் ஒற்றை வரியை, திரை திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடுகிற இடத்தில் வைத்திருந்தேன். சோதித்தபோது திரையை நான் மூடிப் பார்க்கவே இல்லை.

வரவேற்பில் இருந்த நஸ்ரினா ஒழுங்கானவர். ஒருவரை உள்ளே அனுப்பியதும், அடுப்பை அணைப்பதுபோல் திரையை மூடினார். மறுபடி திறந்தபோதெல்லாம் பழைய இணைப்போடு புதிதாக ஒன்று சேர்ந்தது. எத்தனை இணைப்போ, ஒரே அழுத்தலுக்கு அத்தனை நம்பர்கள். இரண்டாவது அழுத்தலில் இரண்டும் மூன்றும் எழும்பினார்கள். அடுத்ததில் நாலு, ஐந்து, ஆறு. டாக்டரிடம் நோயாளி உட்கார இருந்தது ஒரே ஒரு கதிரை.

"நான் ஒருக்காத்தான் அமத்தினேன், அண்ணா."

"மூடிட்டுத் திரும்பத் திறந்து பாருங்க," என்றேன். (அன்று இதைவிட மோசமான ஆலோசனை கிடைத்திருக்காது.)

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

வாசலில் நெரிசல். அதற்குள்ளிருந்து கன்னத்தைப் பிடித்தபடி அவர் கேட்டார்: "தம்பி, உங்க சத்தந்தானே அது? கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க."

டாக்டர் வெளியே வந்தார். "யாருக்கு ரொம்ப வலிக்குது?"

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்.

கணினியை அணைத்துவிட்டு, பிழை என்னுடையது என்று நடுவில் நின்று சொன்னேன். கன்னம் வீங்கியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

அந்த வாரமே சம்மதம் வந்தது. "பையன் ஓடி ஒளியல," என்று மகளிடம் சொன்னாராம். இப்போதும் வீட்டில் நான் யாரையாவது இரண்டு தரம் கூப்பிட்டால், மாமி உள்ளேயிருந்து கேட்பார்: "எத்தன பேர எழும்பச் சொல்றீங்க, தம்பி?"

அந்தப் பல்லை மறுநாள் கண்டியில் வேறொரு டாக்டர் பிடுங்கினார்.