அரைக் கிலோ விளையாட்டுப் பேய்

"ஏட்டி, நம்ம பிள்ளைக்குள்ள பேய் இருக்காம்."

"எது, சாயங்காலமானா தெருவுல நொண்டியடிக்குதே, அதுவா?"

"சிரிக்காத. அது விளையாட்டுப் பேய். ஆட்டமிறக்கி சாமி எடை போட்டே காட்டுதாராம்."

போன மாசம் கணவன் சங்கரபாண்டியோடு நடந்த இந்தப் பேச்சு, கல்யாண மண்டப வரிசையில் நிற்கையில் ஜெயசித்ராவுக்கு நினைவு வந்தது. சங்கரன்கோவிலே அங்கேதான் நின்றது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ், ராயகிரியிலிருந்து வேன். படிக்காத குழந்தை, படித்தும் இரண்டாம் ரேங்க் வாங்கிய குழந்தை, இன்னும் நடக்கவே தொடங்காத குழந்தை. பேய் வயது பார்த்தா பிடிக்கும்?

சிகிச்சை சுருக்கம். மேடையில் எலக்ட்ரானிக் தராசு. பிள்ளையை ஏற்றினால் இருபத்திரண்டு கிலோ. சாமி வேப்பிலையால் மூன்று தட்டு தட்டுவார். இருபத்தொன்றரை. "அரைக் கிலோ பேய் இறங்கிட்டு" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதன்பின் ஒரு வருஷம் பிள்ளை விளையாடக் கூடாது. மீறினால் பேய் இரட்டை எடையில் திரும்பும்.

அந்த ஒரு வருஷம்தான் ஜெயசித்ராவுக்கு இடித்தது. எதிர்வீட்டு மாரிக்கண்ணனுக்குப் பேய் இறங்கி இருபது நாள். பையன் சுவரோடு பேசுகிறான், சாப்பிட மாட்டேன் என்கிறான். அவள் மகள் இசக்கிச்செல்வி தட்டாங்கல் பிடித்துத்தான் கணக்குப் படித்தாள். தெருச் சண்டையில்தான் விட்டுக்கொடுக்கப் படித்தாள். அதையெல்லாம் இறக்கிவிட்டால் பிள்ளையில் மிச்சம் என்ன?

ஜெயசித்ரா பூ மார்க்கெட்டில் எட்டு வருஷமாக மல்லிகை நிறுக்கிறவள். தராசின் தில்லுமுல்லு அத்தனையும் தெரியும். முந்தின நாளே வந்து பார்த்துவிட்டாள்: வேப்பிலை ஆடும்போதெல்லாம் சாமியின் மச்சினன் கை சட்டைப்பைக்குள் போகிறது. அதனால் இன்று மகள் அப்பா கையில். அவள் தோளில் துண்டு சுற்றிய ஒரு மூட்டை.

"அது என்னட்டி?" என்றான் சங்கரபாண்டி.

"பெரிய கேஸு. சாமிகிட்டதான் சொல்லுவேன்."

மேடையேறியதும் மூட்டையைத் தராசில் வைத்தாள். "எங்க அக்கா பிள்ளை சாமி. தூங்குது."

சாமி கண்ணை மூடினார். "தூங்கலை தாயி, நடிக்குது. இவ்வளவு துறுதுறுப்பை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்லை."

"ஆமா சாமி, ஒரு இடத்துல நிக்காது."

ஒன்பது கிலோ. மூன்று தட்டு. எட்டேகால். "முக்கால் கிலோ" என்றார் சாமி. மண்டபம் சிலிர்த்தது.

ஜெயசித்ரா துண்டை அவிழ்த்தாள். உள்ளே ஆட்டுக்கல் குழவி.

முன்வரிசை அண்ணாச்சி ஒருவர் மெல்லக் கேட்டார். "ஏலே, கல்லுமா விளையாடுது?"

"மச்சினன் பையில கைவிட்டுப் பாருங்க அண்ணாச்சி."

கார் சாவி போல ஒரு ரிமோட் வந்தது. அமுக்கினார். குழவி ஒன்பது கிலோ ஆனது. மறுபடி அமுக்கினார், நாலு கிலோ. "இங்கன குடும் வே, நான் பாக்கேன்" என்று அடுத்தவர் பிடுங்கினார். மண்டபமே முறை வைத்து, முறை மாறிச் சண்டை போட்டு, அமுக்கி அமுக்கிச் சிரித்தது. அந்தச் சந்தடியில் சாமியும் மச்சினனும் சமையல்கட்டு வழியாக இறங்கிப் போனார்கள். குழந்தைகள் ஏற்கெனவே வெளியே ஓடிவிட்டன.

மூன்றாவது முறைக்காக வரிசையில் நின்ற சங்கரபாண்டியின் கையைப் பிடித்தாள் ஜெயசித்ரா. அவன் மோட்டார் பைக்குக்கு ஜாதகம் எழுதியபோதும், மீன்தொட்டிக்குத் தாயத்துக் கட்டியபோதும், பத்து வருஷமாகக் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டுவிட்டாள்.

"ஏங்க, பிள்ளை விளையாடட்டும். நீங்க கொஞ்சம் யோசிக்கீகளா?"