வில்லமீன் அம்மாள் ஊருக்குப் போகாத விவரம்

பாக்சே நகரில், பெரிய சந்தைக்குப் பின்தெருவில் வசிக்கும் என் மூத்த சகோதரி திருமதி சந்தாலா அவர்களின் சமூகத்துக்கு, தோன் பலாய் தீவிலிருந்து தம்பி பூன்தான் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நான் சுகம். விடுதியின் நான்கு அறைகளும் சுகம். மேகோங் ஆறு வற்றி மணல் தெரிகிறது, அதுவும் சுகமே. அங்கே உன் இடுப்பு வலியும் உன் மருமகளும் அடங்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பஸ்ஸில் தனியாக வந்து உன் வீட்டில் இறங்கிய நீலப் பை யாருடையது என்று கேட்டனுப்பியிருந்தாய். அது நம் வில்லமீன் அம்மாளுடையது. பை ஊருக்குக் கிளம்பியதும் பைக்காரர் கிளம்பாததும் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதி கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் கோபத்தில் இருக்கிறவன் முதலிலிருந்துதான் சொல்வான், பொறுத்துக்கொள்.

ஹாலந்து தேசத்தில் டிராம் வண்டி ஓட்டிய இந்த அம்மாள் அருவி பார்க்க இரண்டு நாள் தங்குகிறேன் என்று வந்து பதினோரு நாள் தங்கினாரே, அது முதல் தடவை. இது இருபத்தோராவது தடவை. இத்தனை வருஷத்தில் நம் நாட்டை ஒரு நாளும் அழகு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. திட்டத்தான் செய்வார். எட்டு மணிப் படகு ஒன்பதுக்கு வந்தால் படகோட்டியைத் திட்டுவார், மீன் ஊறுகாயில் உப்பு குறைந்தால் என்னைத் திட்டுவார், கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டதற்குப் பிக்குகளையே திட்டினார். நம் பாஷையை மீன் விற்கிற பெண்களிடம் கற்றுக்கொண்டவர் என்பதால் மாவட்ட அதிகாரியிடமும் அதே பாஷைதான். சொந்த வீட்டைத்தான் மனிதர்கள் அப்படித் திட்டுவார்கள் என்று எனக்குப் புரியவே ஏழெட்டு வருஷம் ஆயிற்று. என் மனைவி இறந்த வருஷம் மட்டும் டிசம்பருக்குக் காத்திராமல் கொட்டுகிற மழையில் வந்து இறங்கினார். எதற்கு இந்த மழையில் என்று கேட்டேன். "ஆறு எவ்வளவு ஒசரம் ஏறுதுன்னு பாக்க வந்தேன்" என்றார். மூன்று வாரம் இருந்தார். ஆற்றின் பக்கம் ஒரு நாள்கூடப் போகவில்லை, என்னோடு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மரப்பெட்டி ஒன்று பதினைந்து வருஷமாக நம் வீட்டில்தான் இருக்கிறது. தொப்பி, கொசுவலை, கோப்பை எல்லாம் அதில் வைத்துவிட்டுப் போவார், மறுவருஷம் வந்து எடுத்துக்கொள்வார். இந்தத் தடவை கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் பார்க்கிறேன், பெட்டியைக் காலி செய்கிறார். கொசுவலை பக்கத்துக் கடை விலாய்க்கு, தொப்பி படகோட்டிக்கு, கோப்பை எனக்கு. என்ன இது என்று கேட்டேன். "ரெண்டு முழங்காலும் போச்சு பூன்தான். போதும்னு மகன் சொல்றான். இதோட சரி" என்றார். டிராம் கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டது என்று அறிவிக்கிற மாதிரி சொன்னார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுத. கோப்பையை வாங்காமல் எழுந்துபோய்க் கோழிக்குத் தீனி போட்டேன். கோழிக்கு அப்போதுதான் போட்டிருந்தேன்.

சரி, கடைசித் தடவை என்றால் முறைப்படி அனுப்புவோம் என்று பூத்தட்டு வைத்து உயிர் அழைக்கிற சடங்குக்கு ஏற்பாடு செய்தேன். முட்டை, வாழைப்பழம், ஒட்டரிசிச் சோறு, ஒன்றும் குறையில்லை. மந்திரம் சொல்ல, முன்பு பிக்குவாக இருந்த கம்சிங் பெரியவர். பயணம் போகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும்? இவர் உடம்பில் குடியிருக்கிற முப்பத்திரண்டு உயிர்களே, இவரோடு கூடவே போங்கள், வழியில் நின்றுவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, "முப்பத்திரண்டு உயிர்களே, எங்கே சுத்திக்கிட்டு இருந்தாலும் இந்த வீட்டுக்கு வாங்க, இந்தக் கூரைக்குக் கீழ வாங்க, இந்தப் பாயில படுங்க" என்று முழக்கிவிட்டார்.

விலாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பெரியவரே, அவங்க ஊருக்குப் போறவங்க. நீங்க பாயப் போட்டு படுக்க வெச்சுட்டீங்களே?"

"கூப்ட்டாச்சு, வந்தாச்சு. திருப்பி அனுப்ப நான் என்ன தபால்காரனா?" என்று முட்டையை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஊரே வரிசையில் வந்து அம்மாளின் கையில் வெள்ளை நூல் கட்டியது. முழங்கை வரைக்கும் நூல். அவர் குனிந்தே இருந்தார், முகத்தைக் காட்டவில்லை.

அதன் பிறகு நடந்ததைக் கேள். மறுநாள் காலை முதல் படகில் பையை ஏற்றி, உன் வீட்டில் இறக்கச் சொல்லி பஸ்காரனுக்குச் சொல்லியனுப்பினேன், அம்மாள் அடுத்த படகில் ஏறினார், ஆற்றின் நடுவில் இன்ஜின் நின்றது, துடுப்புப் போட்டுக் கரை சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. அதற்கு மறுநாள் இன்ஜின் சரியாயிற்று, பாஸ்போர்ட்டைக் காணோம். தீவே தேடியது, விலாய் தன் மிளகாய் மூட்டையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள், இரண்டு நாள் கழித்து அடுப்புக்கு மேலே தொங்குகிற சோற்றுக்கூடைக்குள் கிடைத்தது, இப்போது அதைத் திறந்தால் ஆவியில் வெந்த அரிசி வாசம் வருகிறது. மூன்றாவது தடவை நானே கூடப் போய் பஸ்ஸில் உட்காரவைத்து, ஜன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். அம்மாள் நிற்கிறார்.

"பஸ்ல பாட்டுச் சத்தம் தாங்கல. எறங்கிட்டேன்" என்றார்.

இருபது வருஷமாக அதே பஸ்ஸில், அதே சத்தத்தில் வந்து போனவர் அக்கா.

இப்போது தீவு முழுக்க இதே பேச்சு. விலாய் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறாள்: "உயிர் மொத்தமும் பூன்தான் வீட்டுப் பாயில படுத்திருக்கு. வெறும் ஒடம்ப பஸ்ல ஏத்தினா எப்படிங்க போவும்?" வெள்ளிக்கிழமையோடு விசா முடிகிறது. அங்கே மகன் தினமும் போன் செய்கிறான். ஒருவருடைய உயிரை அவர் ஊருக்குப் போகவிடாமல் நம் வீட்டில் வைத்திருப்பது முறையில்லை, எனக்கும் தூக்கமில்லை. அவர் போனால் எனக்குக் கஷ்டம்தான், இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? டிசம்பர் என்றால் எனக்கு அவர்தான். அதற்காக அவரைப் பாதி ஆளாக அனுப்ப முடியுமா? ஆகவே புதன்கிழமை மறுபடி பூத்தட்டு வைத்து, பெரியவரை ஒழுங்காகச் சொல்லவைத்து, முப்பத்திரண்டையும் எண்ணி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நீ செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. வரும்போது நல்ல சாமந்திப் பூவும் வெள்ளை நூலும் வாங்கி வா. நீலப் பையையும் எடுத்து வா. மூத்தவள் நீ பக்கத்தில் இருந்தால் நான் அழமாட்டேன்.

உன் வீட்டில் எல்லாருக்கும் புத்தரும் தர்மமும் துணையிருக்கட்டும். மாமாவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், மருமகளுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி
பூன்தான்

பி.கு.: பூ வாங்காதே. நீ வரவும் வேண்டாம். வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். எல்லையைத் தாண்டிப் போய்ப் புது விசா முத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும், வழியில் உன் வீட்டில் சாப்பாடு. பெரியவர் வாய் தவறிச் சொன்ன மாதிரி மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அது பொய். சடங்குக்கு முதல் நாள் ஒரு புட்டி அரிசிச் சாராயம் கொடுத்து, அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். இதை எழுதி முடித்த கையோடு அவரிடம் போய், தப்புப் பண்ணிவிட்டேன், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். அவர் அலமாரியைக் காட்டினார். மூன்று புட்டி இருந்தது. "ஒண்ணு நீ குடுத்தது. மத்த ரெண்டும் அந்தம்மா குடுத்தது. ஒனக்கு முந்தின நாளே வந்துட்டாங்க. இப்ப நீ ஒருத்தன் வந்து சொன்னா நான் எப்படித் திருப்பி அனுப்ப?" என்றார். வீட்டுக்கு வந்தேன். அம்மாள் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டைச் சோற்றுக்கூடையில் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. எதற்கு இரண்டு புட்டி என்று மட்டும் கேட்டேன். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "முப்பத்திரண்டாச்சே, ஒண்ணு போதுமான்னு சந்தேகமா இருந்துச்சு."