கல்லையும் சொல்லு

வரைபடத்தில் வழவழவென்று வளைந்து போகும் கோடு எதையும் நான் இன்றைக்கும் நம்புவதில்லை. அப்படி ஒரு கோட்டை நம்பித்தான் கூடப்பிறந்த அக்காவின் தோட்டத்தைக் காயவிட்டேன்.

அப்போது நான் நிலத்தடி நீர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். (பட்டம் வருவதற்கு முன்பே என்னை டாக்டர் என்று அழைத்தவன் உலகத்தில் ஒருவன்தான். நானேதான்.) வடமதுரையைச் சுற்றி நாற்பத்திரண்டு போர்வெல்களில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டுக் குறித்திருந்தேன். பக்கத்துப் பக்கத்துப் போர்வெல்களில் ஆழம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், தள்ளிப் போகப் போக வித்தியாசம் கூடும். அது கூடுகிற விதத்தைப் புள்ளிகளாக வைத்து, அவற்றோடு ஒட்டிப் போகும்படி ஒரு கோடு போடுவதற்குப் பெயர் வேரியோகிராம். கோடு பொருந்தினால், துளை போடாத இடத்திலும் ஆழத்தைக் கணித்துவிடலாம்.

என் கோடு பொருந்தவில்லை. புள்ளிகள் அய்யலூர்ச் சந்தை ஆடுகள் மாதிரி நாலாபக்கமும் நின்றன. காரணம், அக்கா சொன்ன ஒரே ஒரு போர்வெல்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் வராத போர்வெல்லை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்லை வைத்து மூடிவிட்டு, அப்படி ஒன்று இல்லாத மாதிரியே நடந்துகொள்வார்கள். அக்கா மட்டும் மாமியார் காதில் விழாமல் சொன்னாள்.

"வடக்கால வேலியோரம் மாமனார் ஒரு போரு போட்டாருடா. எழுநூறு அடி. வெறும் புகைதேன் வந்துச்சு. எழுதிக்க."

எழுதிக்கொண்டு மாமியாரிடம் போய்க் கேட்டேன். "எங்க தோட்டத்துல அப்படி எதுவும் கெடையாது தம்பி" என்றார். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் போர்வெல்லைக் கணக்கிலிருந்து நீக்கினேன். உடனே புள்ளிகளெல்லாம் கோட்டின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. "ஒவ்வொரு போரா மறைச்சு, மத்ததை வச்சு அதைக் கணிச்சுப் பாத்தியா?" என்று என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியை கேட்டார். "கோடே பிரமாதமா இருக்கு மேடம்" என்றேன்.

அக்காவின் கிணறு வற்றி, முந்நூறு முருங்கை வாடிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு முறைக்கு மேல் போர் வண்டியைக் கூப்பிட மச்சானால் முடியாது. கிழக்கு மூலையில் போடலாம் என்றாள் அக்கா. என் கணினி வேறு இடத்தைக் காட்டியது.

"ஏலே, அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயா?"

"ஒனக்கு பயம்க்கா. எனக்கு டேட்டா. முந்நூத்தி இருபது அடியில தண்ணி."

"படிச்ச புள்ள சொல்றான்ல, விடு" என்று மச்சான் முடித்துவிட்டார்.

முந்நூற்று இருபதில் புகை. "செத்த பொறுங்க மச்சான், முன்னப்பின்ன இருக்கும்" என்றேன். ஐந்நூறிலும் புகை. எழுநூறில், பாறைத்தூள் படிந்து தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற என்னிடம் வண்டிக்காரர் மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, ஒங்க கம்ப்யூட்டரு இன்னும் எம்புட்டுப் போகச் சொல்லுது?"

மச்சான் போய் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். "இதையும் எங்கயும் எழுதிராதீங்க தம்பி" என்றார் மாமியார்.

மறுவாரம், அக்கா சொன்ன போர்வெல்லை மறைத்துவைத்து, மற்றவற்றைக் கொண்டு அதைக் கணித்துப் பார்த்தேன். எழுநூறு அடியிலும் புகை வந்த அந்த இடத்தில் முந்நூற்றுப் பத்தடியில் தண்ணீர் என்றது கோடு. ஐந்து நிமிட வேலை. முன்பே செய்யாததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முருங்கை காய்ந்தது. அக்கா நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள், இன்றும் போகிறாள். நான் அந்தத் தவற்றையே ஓர் அத்தியாயமாக எழுதிப் பட்டம் வாங்கினேன். அதுதான் இன்னமும் கசக்கிறது.

என் நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டாரிடம் என் படிப்பு, வேலை, சுபாவம் என்று நானே அடுக்கிக்கொண்டிருந்தேன். மில்லிலிருந்து நேராக வந்திருந்த அக்கா, தலையில் பஞ்சுத் துகளோடு குறுக்கிட்டாள்: "எல்லாஞ் சரிதேன் தம்பி. அந்தக் கல்லையும் சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பெருமை பேசினாலும் அதே வார்த்தைதான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.