உன் அக்கா ஓய்வுபெற வேண்டும் என்பது பற்றி

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்த வீட்டில் எல்லோரும் என்றால் நானும் உன் அக்காவும்தான். அதில் ஒருவர் நலம், இன்னொருவர் நலமாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறார். யார் எது என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. அங்கு நீயும் தங்கையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே "அக்காகிட்ட குடுங்க அத்தான்" என்பாய். நானும் கொடுத்துவிடுவேன். பிறகு நீங்கள் இருவரும் சிரிக்கிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உன் அக்கா வேலையை விட வேண்டும். வீடியோ கேம் என்பது சின்னப் பிள்ளைகள் விளையாடுவது. அதை உருவாக்குகிறவர்களும் இப்போதெல்லாம் சின்னப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு நடுவில் இவள் ஒருத்தி, மூக்குக்கண்ணாடியும் மணிக்கட்டுக் கட்டுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் அந்தக் காலத்தில் செய்த தபால்கார ஆமை விளையாட்டை விளையாடி வளர்ந்தவர்களுக்கெல்லாம் இப்போது தலை வழுக்கை. போன மாதம் மருந்துக்கடையில் ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "மேடம், ஆமையைக் கிணத்துலேர்ந்து எப்படி வெளியே எடுக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல" என்று கண்கலங்கினார். அவரே தனக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்கத்தான் வந்திருந்தார். நானும் காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன். நன்றாக ஓடுகிற லிஃப்டாக இருந்தாலும் வயதாகிவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இதை உன் அக்காவிடம் ஒருமுறை சொன்னேன். அதன் பிறகு நடந்ததை இங்கே எழுதவில்லை.

இப்போது செய்துகொண்டிருக்கும் விளையாட்டில் ஒரு பழைய பெட்டிதான் கதாநாயகன். பயணத்தில் தொலைந்துபோன பெட்டி. சக்கரத்தில் ஒன்று உடைசல். அது தானாகவே உருண்டு உருண்டு ஊர் ஊராகப் போய்த் தன் சொந்தக்காரரைத் தேட வேண்டும். வெட்டு, குத்து, சுடுவது எதுவும் கிடையாது. இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "பெட்டி தொலைச்சவங்க வாங்குவாங்க" என்றாள்.

அதில் ஒரு காத்திருப்பு அறை. பெட்டி அங்கே ஒரு கதவைக் கண்டுபிடித்து வெளியே போக வேண்டும். விளையாடிப் பார்த்த ஒருவருக்கும் கதவு அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால், மஞ்சள் சுவரில் அதே மஞ்சளில் கதவை வைத்திருக்கிறாள். அப்போது அவள் கண்ணில் புரை. உலகத்தையே தேநீர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்கே தெரியவில்லை. கூட வேலை செய்கிற பிள்ளைகளோ, மேடம் ஏதோ ஆழமான காரணத்தோடுதான் செய்திருப்பார் என்று மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். புரை எடுத்த பிறகு தன் கண்ணாலேயே அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டாள்: "ஏங்க, எனக்கு வயசாயிடுச்சா?"

இந்த இடத்தில் எந்தப் புருஷனும் "இல்லை" என்று சொல்லியிருப்பான். நான் "லேசா" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்குத்தான் உள்ளூர ஒரு நம்பிக்கை துளிர்விட்டது. அந்த நம்பிக்கைதான் இத்தனைக்கும் காரணம். போன புதன்கிழமை கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை அவள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போக, அதைக் கொடுக்க நான் அவள் அலுவலகத்துக்குப் போனேன். அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். மேனேஜர் வந்து என்னை உட்காரவைத்தாள். உன் அக்காதான் அவளைப் படிப்பு முடித்த கையோடு வேலைக்கு எடுத்தவள். இன்று உன் அக்காவுக்கே மேலதிகாரி. "மேடம் எப்படி இருக்காங்க சார்? கொஞ்ச நாளா டல்லா இருக்காங்களே" என்று கேட்டாள். நான் பேச்சுவாக்கில், "அவளும் எத்தனை நாளைக்குத்தான் ஓடுவா? போதும்னு தோணுது போல. அவளா வாயைத் திறந்து சொல்ல மாட்டா" என்று சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார். நாங்க பாத்துக்கறோம்" என்றாள். என்ன பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். சொட்டு மருந்தை மேசையில் வைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவன் போல வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொல்லிப் போன் வந்தது. "மேடம்கிட்ட சொல்லாதீங்க சார், சர்ப்ரைஸ்" என்றார்கள். பெட்டி விளையாட்டை விற்பனைக்கு விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனேன். போனால் பெரிய கேக். அதன் மேல் சர்க்கரையில் செய்த ஆமை. சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும் ஒரு பேனர்: 'போய் வாருங்கள் மேடம், உங்கள் ஓய்வு இனிதாகட்டும்.' நழுவிவிடலாம் என்று திரும்பினால் கதவைத் திறந்துகொண்டு உன் அக்கா உள்ளே வருகிறாள்! எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவள் பேனரை நிதானமாகப் படித்தாள். புதுக் கண் அல்லவா, ஓர் எழுத்து விடவில்லை.

"யாரு போறா?" என்று கேட்டாள்.

கைதட்டல் அங்கங்கே நின்று, கடைசியில் ஓர் ஆளின் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியாக உன் அக்கா பார்த்தாள். மைத்துனா, கயிறு அறுந்த லிஃப்டுக்குள் நான் நின்றிருக்கிறேன். அதுகூட இவ்வளவு மோசமில்லை.

ஆனால் பேச வேண்டும் என்று தயாராக வந்த பிள்ளைகளை யார் நிறுத்துவது? தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருத்தி ஆரம்பித்துவிட்டாள். ஒலிப்பதிவு பார்க்கிற பெண். "நான் வேலைக்கு வந்த புதுசுல, நடக்கிற சத்தம் ஒண்ணு சரியாவே வரல. அழுதுட்டேன். மேடம் எழுந்து வந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டு, மத்தியானம் பூரா ஆபீஸ் முழுக்க வெறும் காலோட நடந்தாங்க. நான் மைக்கை வெச்சுக்கிட்டுப் பின்னாடியே தவழ்ந்துட்டு இருந்தேன். நம்ம கேம்ல எல்லாத்துலயும் இப்பவும் கேக்கறது அவங்க கால் சத்தம்தான்." அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்துகிறேன், அவள் சொன்னதே இல்லை. அன்றைக்குக் கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லியிருப்பாள். நானும் நல்ல செருப்பு வாங்கிக்கொள் என்று சொல்லியிருப்பேன்.

உன் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தாள். "நான் எங்கயும் போகல. ஆனா கேக் நல்லா இருக்கு, வீணாக்க வேண்டாம்" என்று சொல்லி ஆமையின் தலையை வெட்டி எனக்கு முதலில் கொடுத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் பஸ் பிடித்தோம். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். நடுவில் மிச்ச கேக். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"உன் கண்ணு, உன் கை…"

"என் கண்ணை டாக்டர் பாத்தாச்சு. உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறேன்."

"சமையல்கட்டுக் குழாய் சொட்டுது" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவள் நகரவில்லை. அதனால் சொல்லிவிட்டேன். "மத்தியானம் தனியா சாப்பிடறப்ப ரேடியோவைச் சத்தமா வெச்சுக்கறேன். மேல்வீட்டுக்காரர் ரெண்டு தடவை வந்து குறைக்கச் சொல்லிட்டார். மூணாவது தடவை வந்தா உள்ள கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம்னு காத்துட்டு இருக்கேன். அவர் வரவே மாட்டேங்கறார்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டென்று திரும்பிப் போய்க் குழாயை இறுக்கி மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "விளையாடுங்க. இதுவரைக்கும் கேமே விளையாடாத ஒரு ஆள் எனக்கு வேணும்" என்றாள். பெட்டியை நகர்த்தினேன். சாக்கடையில் விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. எப்படியோ உருட்டிக்கொண்டு ஒரு ரயில் நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு லிஃப்ட். எல்லோரும் அதில் ஏறித்தான் மேலே போவார்களாம். நான் மாட்டேன் என்றேன். எத்தனை பேர் ஏறலாம் என்று பலகை இல்லை, பரிசோதனைச் சான்றிதழ் இல்லை, இதில் எப்படி ஏறுவது? உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். நான் பெட்டியைப் படிக்கட்டு வழியாக இழுத்தேன். ஒவ்வொரு படியிலும் டொக், டொக் என்று ஏறியது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் படிக்கட்டுல இதுவரைக்கும் யாருமே போனதில்லைங்க" என்றாள்.

படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கூரைகள், கொடியில் காயும் துணிகள், சாயங்கால வெயில். கீழே ஒரு பெஞ்சு. பெட்டியை அதன் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வேணும்னா சும்மா இருக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"போதும்னு உங்களுக்குத் தோணற வரைக்கும்."

ஜன்னலில் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு துணியை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்ததால் கை மரத்துப்போய்விட்டது, ஆனாலும் நான் அசையவில்லை. பெட்டி கடைசியில் வீட்டுக்குப் போனதும் என்ன ஆகும் என்று கேட்டேன். அதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லையாம். கதவைத் திறக்கிறவர் இதற்குள் வேறு பெட்டி வாங்கியிருந்தால் என்ன செய்வது என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறாளாம்.

இத்தனையும் எழுதிவிட்டேனே, மனம் இளகிவிட்டது என்று நினைக்காதே. திங்கட்கிழமை காலையில் மறுபடி மணிக்கட்டில் கட்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஜன்னலும் வெயிலும் அழகுதான், ஆனால் வலிக்கிற கை அவளுடையது. நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். சின்ன வயதில் உன்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தானே. ஆகவே நீ லீவு போட்டுவிட்டு ஒருமுறை வா. அவளை உட்காரவைத்துப் பக்குவமாக எடுத்துச் சொல். வேலையை விடச் சொல். நான் சொல்லித்தான் வந்தாய் என்று மட்டும் சொல்லிவிடாதே.

தங்கைக்கு என் அன்பு. அவள் இடுப்பு வலி தேவலையா? பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படிக்காவிட்டாலும் நன்றாக இருக்கட்டும். உன் வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம் குறையாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்துவிட்டாள். கூடவே ஆபீஸ் வண்டியில் அவளுடைய சுழல் நாற்காலியும் வந்து இறங்கியது. "நீங்க சொன்னதுதான் சரி. இனிமே மத்தியானம் நீங்க தனியா சாப்பிட வேண்டாம். மாசக் கடைசியோட நின்னுக்கறேன், அதுவரைக்கும் லீவு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நாற்காலியை எடுத்துக்கங்கன்னு இன்னைக்கே அனுப்பிட்டாங்க" என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் அந்த நாற்காலியைக் கூடத்தில் போட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். மைத்துனா, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேசும்போதுகூட விரல் மேசையில் ஏதாவது வரைந்துகொண்டே இருக்கும். இப்போது இரண்டு கையும் யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடக்கின்றன. என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. உடனே புறப்பட்டு வந்து, வேலையை விடவே கூடாது என்று அவளிடம் சொல். என்னை நாலு வார்த்தை திட்டினாலும் பரவாயில்லை. வரும்போது ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வா. நாற்காலி நல்ல கனம், என் ஒருவனால் அதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.